நரம்புக் கோடு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று என் மாணவர்கள் சொல்கிறார்களாம். சுத்தப் பொய். என் கோபம் அவ்வளவு தூரம்கூடப் போவதில்லை, நாக்கிலேயே குடித்தனம் நடத்துகிறது. பல் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முப்பரிமாண ஸ்கேன் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதுவரை தட்டையான எக்ஸ்ரே படத்தையே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். திடீரென்று ஒரு முழுத் தாடையைத் திரையில் வைத்து மேலிருந்து வெட்டு, பக்கத்திலிருந்து வெட்டு, குறுக்கே வெட்டு என்றால் திருதிருவென்று முழிப்பார்கள். முழிக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் வகுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். "திரையில இருக்கிறவர் உங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கார். உங்களுக்கு இடது பக்கம் தெரியறது அவரோட வலது. இதை மறந்தீங்கன்னா சொத்தைப் பல்லை விட்டுட்டு நல்ல பல்லைப் பிடுங்கிட்டு வருவீங்க. அப்புறம் என் பேரைச் சொல்லாதீங்க." எல்லாரும் சிரித்துவிட்டு நினைவில் வைத்துக்கொள்வார்கள். இந்த வருடம் ஒருத்திக்கு மட்டும் அது மண்டையில் ஏறவே இல்லை. எந்தத் தாடையைக் கொடுத்தாலும் வலதை இடது என்பாள், திருத்தினால் இடதை வலது என்பாள். கூடப் படிக்கிறவர்கள் அவளுக்கு யூ-டர்ன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாத்தியார்கள் நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

அன்று என் மனசு வகுப்பில் இல்லை. எங்கள் கம்ப்யூட்டர் அறைக்கு இரண்டு மாடி மேலே, அறுவை அறையில், என் நாத்தனாருக்கு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. அந்த இடத்தில் எலும்பைத் துளைத்து, ஒரு திருகை இறக்கி, அதன்மேல் பல் கட்ட வேண்டும். வேலை பெரிதில்லை. ஆனால் கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது, அதற்குள் ஒரு நரம்பு. கீழுதட்டுக்கு உணர்ச்சி தருவது அந்த நரம்புதான். டிரில் அதைத் தொட்டால் உதடு மரத்துவிடும். சிலருக்கு அது ஆயுசுக்கும் திரும்பாது.

நாத்தனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ரயில் தாமதம் என்பதைக்கூட ஏதோ சலுகை அறிவிப்பது போலச் சொல்வார், கோபத்தோடு நிற்கிற பயணிகள் சமாதானமாகிவிடுவார்கள். இம்ப்ளான்ட் வேண்டவே வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார்.

"உதடு மரத்துப்போச்சுன்னா மைக் முன்னாடி உட்கார்ந்து நான் என்ன பண்றது? எச்சில் ஒழுகவிடறதா?"

"அண்ணி, படத்தை நானே பார்க்கறேன். நரம்பு எங்க போகுதுன்னு நானே கோடு போட்டுக் குடுக்கறேன். என்னை நம்புங்க."

"உன்னை நம்பித்தானே என் தம்பியைக் குடுத்தேன். அவன் பாதியா இளைச்சுட்டான்."

எனக்கும் அவருக்கும் எப்போதும் இப்படித்தான். ஆனால் நம்பினார். நான் சொன்ன ஒரே சொல்லுக்காக வந்து நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்தார். அதனால் அந்தக் கோட்டை ஒரு வாரம் முன்பே போட்டு முடித்திருந்தும், அன்று காலை வந்ததும் வராததுமாக இன்னொரு முறை திறந்து, வெட்டு வெட்டாக நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன்.

அன்றைய பயிற்சியும் நரம்புக் கோடுதான். ஆளுக்கொரு கம்ப்யூட்டர். பயிற்சிக்கென்று வைத்திருக்கிற பழைய தாடை ஒன்றைத் திறந்து, நரம்புக் குழாயைத் தேடிக் கோடு போட வேண்டும். மாணவர்களின் லாகினில் பயிற்சித் தாடைகள் மட்டும்தான் தெரியும். நோயாளிகளின் படங்கள் அவர்கள் கண்ணில் படாது.

யூ-டர்ன் மட்டும் கையைத் தூக்கினாள். பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்து, அவள் லாகின் பூட்டிக்கொண்டுவிட்டது.

"பாஸ்வேர்டையும் பின்னாலேர்ந்து அடிச்சியா?" என்றேன். வகுப்பு சிரித்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்தால், காத்திருங்கள் என்று ஒரு பாட்டைப் போட்டான். எனக்குக் காத்திருக்கிற பழக்கம் கிடையாது. அவள் தோளுக்கு மேலே குனிந்து என் லாகினையே அடித்துத் திறந்துவிட்டேன்.

பிறகு முன்னால் போய் நின்று, எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "பட்டியல்ல முதல்ல இருக்கிற கேஸைத் திறங்க. வெள்ளை விளிம்பு கட்டின கருப்பு வட்டம் தெரியும், அதுதான் நரம்புக் குழாய். விளிம்பு இல்லாத கருப்பெல்லாம் எலும்புக்குள்ள இருக்கிற வெறும் பொந்து, ஏமாறாதீங்க. கோடு போட்டதும் சேமிச்சுடுங்க. போன தடவை மாதிரி எல்லாம் போச்சு மேடம்னு யாராவது வந்து நின்னா, தோலை உரிச்சுடுவேன்."

பிள்ளைகள் வேலையில் இறங்கினார்கள். நான் வரிசையாக ஒவ்வொருவர் பின்னாலும் நின்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தேன். ஒருத்தன் நரம்பைப் பல் வேருக்குள்ளேயே நுழைத்திருந்தான். "இதை நோயாளி கிட்ட எப்படிச் சொல்லப்போறே?" என்றதும் காது சிவந்து அழித்தான். கண் அடிக்கடி சுவர்க்கடிகாரத்துக்குப் போனது. மேலே இந்நேரம் ஊசி போட்டிருப்பார்கள், ஈறைத் திறந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் யூ-டர்னின் திரையைப் பெரிய திரையில் போட்டேன். எல்லாரும் ஒரு பொழுதுபோக்குக்குத் தயாரானார்கள். நானும்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கோடு வளைவாக, ஒழுங்காக, பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் தாடையின் அடிப்பகுதியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"ரொம்பக் கீழே போயிட்டியே. இது நரம்பா, பாதாளச் சாக்கடையா? குறுக்கு வெட்டைக் காட்டு."

காட்டினாள். அவள் கோடு போட்டிருந்த கருப்புக்கு விளிம்பு இல்லை. வெறும் பொந்து. அதற்கு நன்றாக மேலே, மங்கலாக, வெள்ளை விளிம்போடு உண்மையான குழாய் இருந்தது.

"கண்ணைத் திறந்து பாரு, இதோ இங்க இருக்கு. எந்தப் பக்கம் இது?"

"இடது... இல்ல, வலது மேடம்."

"வலதுதான். அதிசயம். கடைவாய்ப் பல்லைக் காணோமே, எங்க?"

"நான் எடுக்கல மேடம்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரிக்க வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. பயிற்சித் தாடையில் அந்தப் பல் உண்டு. ஞானப்பல் மட்டும்தான் சாய்ந்து புதைந்திருக்கும். இந்தத் தாடையில் பல் இருந்த இடம் காலி. பக்கத்துப் பல்லில் உலோகத் தொப்பி. அதிலிருந்து வெளிச்சக் கீற்றுகள் படம் முழுக்கத் தெறித்திருந்தன. அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும். காலையில்தான் பார்த்தேன்.

என் லாகினில் பட்டியலின் முதலில் இருப்பது, நான் கடைசியாகத் திறந்த கேஸ். பெயர்களை மறைத்து எண் மட்டும் வைத்திருப்பதால், பாவம், அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. முதலில் இருப்பதைத் திற என்றேன், திறந்தாள். கோடு போடு என்றேன், என்னுடைய கோட்டை யாரோ போட்டுவைத்த மாதிரிக் கோடு என்று நினைத்து அழித்துவிட்டு, தன் கோட்டைப் போட்டாள். சேமி என்றேன்.

"சேமிச்சியா?"

"உடனே சேமிச்சுட்டேன் மேடம்." பாராட்டுவேன் என்று எதிர்பார்த்துச் சொன்னாள்.

"எப்போ?"

"வகுப்பு ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துலயே. நான்தான் முதல்ல முடிச்சேன்."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மேலே சர்ஜன் படத்தைத் திறக்கும் முன்பே இது அங்கே போய் உட்கார்ந்திருக்கும். கோடு கீழே போனால், எலும்பு நிறைய இருக்கிறது என்று திரை சொல்லும். எலும்பு நிறைய இருந்தால் நீளமான திருகு வைக்கத்தான் எந்த சர்ஜனுக்கும் கை துறுதுறுக்கும்.

அறுவை அறைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையுறை போட்ட கை எதுவும் எடுக்காது என்பது எனக்குத் தெரியாதா? ஒரு கணம், ஒரே ஒரு கணம், இங்கேயே கோட்டைச் சரி செய்து சேமித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. தோன்றியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மேலே ஏற்கெனவே திறந்துவைத்த படம் இங்கே மாற்றினால் மாறாது. ஓட வேண்டியதுதான்.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்று கத்திவிட்டு ஓடினேன். லிஃப்ட்டுக்கு முன்னால் சக்கர நாற்காலியோடு கூட்டம். படிக்கட்டில் ஏறினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் யூ-டர்ன் வந்துகொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு வர்றே?"

"அது யாரோட தாடை மேடம்?"

"என் நாத்தனாரோடது."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி என்னோடு ஓடி வந்தாள்.

அறுவை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, வாசலில் கிடைத்த முகமூடியைக் கையால் மூக்கில் அழுத்திப் பிடித்தபடி நுழைந்தேன். டிரில் சத்தம் கேட்டது. சர்ஜனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஐஸ்கட்டி. கூரை இடிந்து விழுந்தாலும், தூசி படாமல் மூடுங்கள் என்பார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நிறுத்துங்க! டாக்டர், நிறுத்துங்க! கோடு தப்பு!"

டிரில் நின்றது. பச்சைத் துணிக்கு நடுவே நாத்தனாரின் கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின.

"எந்தக் கோடு?" என்றார் ஐஸ்கட்டி.

"சுவர்ல இருக்கே, அது. நரம்பு இன்னும் மேலே. எவ்வளவு ஆழம் போயிருக்கீங்க?"

அவர் சுவரில் இருந்த திரையைப் பார்த்தார். கருவியில் இருந்த டிரில்லைப் பார்த்தார். "திட்டத்துல சின்னத் திருகுதான் போட்டிருந்தோம். இன்னிக்குப் பார்த்தா எலும்பு தாராளமா இருந்துது. அதான் அடுத்த அளவுக்கு இப்பத்தான் இறக்கினேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க பேர்ல வந்த கோடு. சந்தேகமே படல."

"நான்தான் போட்டேன் சார்," என்றாள் யூ-டர்ன், கதவோரத்திலிருந்து. குரல் நடுங்கியது. "மேடத்துக்குத் தெரியாது."

"சும்மா இரு," என்றேன். "என் லாகினைத் திறந்து இவ கையில குடுத்தது நான். திறன்னு சொன்னதும் நான், சேமின்னு சொன்னதும் நான்."

இதையெல்லாம் ஒருத்தர் வாயைத் திறந்தபடி, ஒரு வார்த்தை பதில் பேச முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கண்களை என்னால் பார்க்க முடியவில்லை. என்னை நம்புங்க என்று சொன்னது என் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது.

ஐஸ்கட்டி துளைக்குள் ஒரு உலோக ஊசியை நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தார். படம் திரையில் வந்தது. ஊசி முனை நரம்புக் குழாயின் கூரைக்கு மேலே நிற்கிறதா, கூரையைத் தொட்டுவிட்டதா? பெரிதாக்கினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். வெள்ளை விளிம்பு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"என்ன சொல்றீங்க?" என்றார்.

"தெரியல."

வகுப்பில் யாராவது அப்படிச் சொன்னால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். யூ-டர்ன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"த்ரீ டி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா மேடம்?" என்று மெல்லக் கேட்டாள்.

"எடுத்தாலும் எலும்புதான் தெரியும். நரம்புக்கு அடிபட்டுச்சான்னு எந்தப் படமும் சொல்லாது. உதடுதான் சொல்லணும்."

உதடோ ஊசி மருந்தில் மரத்துக் கிடந்தது. மருந்தால் மரத்ததா, டிரில்லால் மரத்ததா என்று மருந்து இறங்கினால்தான் தெரியும். ஐஸ்கட்டி இம்ப்ளான்ட் வைக்காமல் தையல் போட்டு மூடினார். கையுறையைக் கழற்றும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார், "நானும் கோட்டைத்தான் பார்த்தேன். எலும்பைப் பார்க்கல." அந்த மனுஷன் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்து ஓய்வறையில் நாத்தனாரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தோம். வாயில் கடித்திருந்த பஞ்சை எடுத்ததும் முதலில் பேசியது என்னிடம்தான். பாதி உதடு ஒத்துழைக்காமல் வார்த்தைகள் கோணிக்கொண்டு வந்தன.

"பூசி மெழுகாம சொல்லு. திரும்புமா, திரும்பாதா?"

"தெரியல அண்ணி."

"நீயா? தெரியலன்னு நீயா சொல்றே?" தாடையைத் தடவிக்கொண்டார். "அப்போ விஷயம் பெரிசுதான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் "பயணிகளின் கவனத்திற்கு" என்று வாயசைத்துப் பார்த்தார். மறுபடியும், மறுபடியும். பாழாய்ப்போன நாக்கு எனக்கு, அதற்கு அப்போது ஒரு ஆறுதல் வார்த்தைகூடத் தெரியவில்லை.

யூ-டர்ன் போகவில்லை. போ என்றேன், தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றாள். சாப்பாட்டு நேரம் தாண்டியது. வெளியே தாழ்வாரத்தில் கூட்டம் குறைந்தது. அவ்வப்போது நாத்தனார் உதட்டை விரலால் தட்டுவார், உதட்டைப் பிதுக்குவார். வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது என்பார். ஒரு தடவை லேசாக எறும்பு ஊர்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடமே, பிரமையாக இருக்கும் என்றார். வந்த உயிர் போயிற்று.

மருந்து இறங்கியிருக்க வேண்டிய நேரமும் வந்தது. ஐஸ்கட்டி எட்டிப் பார்த்து, "சோதிச்சுப் பாருங்களேன்," என்றார். பஞ்சை எடுத்தேன், உதட்டருகே கொண்டுபோக மனசு வரவில்லை. யூ-டர்னிடம் கொடுத்தேன்.

பஞ்சை நூலாகத் திரித்து, கண்ணை மூடவைத்து, மரத்திருந்த பாதி உதட்டின் மேல் மெதுவாக இழுக்க வேண்டும். தொட்டது தெரிந்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் போகிறது என்றும் சொல்ல வேண்டும். நரம்பு முழுசாக இருந்தால்தான் அது தெரியும். ஊகித்துச் சொல்கிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

யூ-டர்ன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். பஞ்சு நுனி நாத்தனாரின் உதட்டில் வலது பக்கமாக நகர்வதைப் பார்த்தேன்.

"தொடுது," என்றார். "இடது பக்கமாப் போகுது."

வலது பக்கம் போனதை இடது என்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "இன்னொரு தடவை."

பஞ்சு இந்த முறை இடது பக்கமாக வந்தது.

"வலது," என்றார் நாத்தனார்.

அவ்வளவுதான். உணர்ச்சி வரவில்லை, மனுஷி தைரியத்துக்காக எதையோ சொல்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டேன். ரயில் நிலையத்தில் வேறு யாரோ ஒருத்தி மைக்கைப் பிடிப்பது கண்முன் வந்தது. நான் பண்ணினேன், என் அவசரம் பண்ணியது.

"போதும் விடு," என்றேன். "ரெண்டுமே தப்பு."

"ரெண்டுமே சரி மேடம்."

"கண்ணால பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்! வலதை இடதுங்கறாங்க, இடதை..."

யூ-டர்ன் ஸ்டூலில் திரும்பி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"மேடம், அவங்க நம்மளப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க."

நான் சுற்றி நடந்து, நாத்தனாரின் நாற்காலிக்குப் பின்னால் போய், அவர் பார்க்கிற பக்கமே பார்த்து நின்றேன். அவர் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை," என்றேன்.

பஞ்சு நகர்ந்தது.

"இடது," என்றார் அண்ணி.

இடதுதான். அடுத்தது வலது, அதுவும் வலதுதான். யூ-டர்ன் பஞ்சை மடியில் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அண்ணி கண்ணைத் திறக்கவில்லை.

"அழறதை நிறுத்து," என்றார் என்னிடம். "என் தலையில சொட்டுது. அதுவும் நல்லாத் தெரியுது."